வெள்ளி இரவு நிறுத்தி திங்கள் காலை வேலைக்குப் போக முடியுமா?

மூன்றாம் அடுக்கு

தலைப்பில் இருப்பதுதான் கேள்வி. யாரும் திருப்பிக் கேட்க வேண்டாம் என்பதால் விவரங்களை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

40 சதவீத விஸ்கி, தினமும் 300 மி.லி. கண்ணளவு இல்லை, அளவுக் குவளையில் அளந்தது. விடுமுறை நாளில் 400 வரை போகும். இரவு 8.30க்கு ஆரம்பம், 11க்கு முடிவு. போன வருடம் ஒரு முறை தவிர, நாலு வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் எழுந்ததும் கை நடுக்கம், உள்ளங்கை வியர்வை. ஆறு மாதமாக விடுமுறை நாள் காலையில் 60 மி.லி. உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது. அந்த ஒரு முறை நானே நிறுத்தி, இரண்டாம் நாள் தாங்காமல் திரும்பக் குடித்தேன். வலிப்பு வந்ததில்லை. வயது 41. பிரஷருக்கு தினம் ஒரு மாத்திரை.

வேலை: கிடங்கு மேற்பார்வை, காலை 7 மணி ஷிஃப்ட். வாரத்தில் இரண்டு நாள் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட வேண்டும். கையில் இருக்கும் லீவு நாலு நாள்.

கேட்பது: வார இறுதியிலேயே முடித்துவிட முடியுமா? மாத்திரை உண்டா? ஆபீசில் சொல்ல வேண்டுமா? தூக்கத்துக்கு என்ன செய்வது?

வார்டு எட்டு

முடியாது. ஏன் என்று கடிகாரம் வைத்தே சொல்கிறேன்.

கடைசி மடக்கு வெள்ளி இரவு 11 மணி என்று வையுங்கள். 6 முதல் 12 மணி நேரத்தில், அதாவது சனி காலையில், நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். இது உங்களுக்குப் பழக்கமானதுதான். சிலருக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இல்லாத சத்தம் கேட்கும், சுவரில் ஏதோ ஊர்வது போலத் தெரியும். ஆனால் 'இது நிஜமில்லை' என்ற தெளிவு பெரும்பாலும் இருக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அது ஞாயிறு இரவு வரை. அதற்குப் பிறகு 48 முதல் 96 மணி நேரம் வரை இருப்பதுதான் மோசமான பகுதி. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள்: ஆள், இடம், நாள் குழம்பும், காய்ச்சல், நாடித்துடிப்பு எகிறும், கட்டுக்கடங்காத பதற்றம். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகும். எல்லோருக்கும் வராது, சிறு பங்கினருக்குத்தான் வரும். ஆனால் வரும் நேரத்தைப் பாருங்கள். ஞாயிறு இரவு 11 முதல் செவ்வாய் இரவு 11 வரை. நீங்கள் திங்கள் காலை 7 மணிக்கு ஃபோர்க்லிஃப்டில் ஏறப் போகும் நேரம் அதற்குள்தான் விழுகிறது.

வார இறுதித் திட்டத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஹேங்ஓவர் என்றால் முதல் நாள் மோசம், மறுநாள் பரவாயில்லை. விலகல், அதாவது குடியை நிறுத்தியதும் உடம்பில் வரும் தொல்லைகள், அப்படி இல்லை, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சிக்குப் போகும்.

காரணம் மூளையில் இருக்கிறது. ஒரு கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் காபா என்ற அடக்கும் பக்கத்துக்குக் கைகொடுத்துத் தள்ளுகிறது. நாலு வருடத்தில் மூளை அதற்கு ஈடாக குளூட்டமேட் என்ற தூண்டும் பக்கத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. ஆல்கஹால் திடீரென்று கையை எடுத்தால் எதிரே இருப்பவர் குப்புற விழுவார். நடுக்கமும் வலிப்பும் அந்த விழுகைதான். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. நிறுத்தி, தாங்காமல் குடித்து, மறுபடி நிறுத்தினால் அடுத்த விலகல் முந்தையதைவிடக் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். போன வருட முயற்சியில் வலிப்பு வரவில்லை என்பதால் இந்த முறையும் வராது என்று கணக்குப் போடாதீர்கள். அரைகுறை முயற்சிகளை அடுக்குவதைவிட, ஒரு மாதம் தள்ளிப் போனாலும் ஒழுங்காக ஒரு முறை செய்வது மேல்.

உங்கள் விவரத்தில் எனக்கு உறுத்துவது இரண்டு. காலைக் குடி ஒன்று. உடல் சார்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இரண்டாவது பிரஷர் மாத்திரை. அது அடினோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கராக இருந்தால் நாடித்துடிப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். பார்ப்பவருக்கு லேசான விலகல் போலத் தோன்றும், ஆனால் வலிப்பை அது தடுக்காது. மருத்துவரிடம் மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? நிறுத்தும் நாளை வெள்ளியிலிருந்து ஞாயிறு இரவுக்கு மாற்றுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கிளினிக் திறந்திருக்கும், தினமும் ஒருவர் உங்களைப் பார்க்க முடியும். கடுமையான நாட்கள் வாரநாளில் கழிந்துவிடும், சனி ஞாயிறு உடம்பு தேற. அடுத்த திங்கள் வேலை. ஐந்து நாள் லீவில் ஏழு நாள் கிடைக்கிறது. உங்களிடம் நாலு இருக்கிறது, ஒன்றுதான் குறைகிறது.

வீட்டிலிருந்தபடியே செய்ய நாலு நிபந்தனை: முன்பு வலிப்போ டெலிரியமோ வந்திருக்கக் கூடாது, ஈரல், இதயம், கடுமையான மனநலச் சிக்கல் இருக்கக் கூடாது, குடிக்காத ஒரு பெரியவர் முதல் நாலு நாளும் உடன் இருக்க வேண்டும், தினமும் போய்க் காட்ட முடிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவது நல்லது.

போனதும் கையை முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தையும் உங்கள் விரல் நுனியைத் தன் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தே செவிலியர் கண்டுபிடித்துவிடுவார். வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி, தோலில் ஊர்வது போன்ற உணர்வு என்று பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 67. எட்டு பத்துக்குக் கீழே இருந்தால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். பதினைந்தைத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்ப யோசிப்பார்கள். அவர்களுக்காகச் சிரித்துக்கொண்டு, குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் மருந்தின் அளவு முடிவாகிறது.

கொடுப்பது பொதுவாக குளோர்டயசிபாக்சைடு அல்லது டயசிபாம். ஈரல் கெட்டிருந்தால் லோரசிபாம். முதல் நாள் அதிகம், பிறகு தினமும் படியிறக்கி ஐந்து முதல் ஏழு நாளில் நிறுத்திவிடுவார்கள். மி.கி. கணக்கை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒருவர் சீட்டைப் பார்த்து இன்னொருவர் வாங்கிப் போட்டு, மேலே குடித்தும் வைத்தால் மூச்சு நின்றுபோகும்.

கூடவே தையமின், அதாவது வைட்டமின் பி1. இதைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள். தினமும் குடிப்பவர் உடலில் இது வற்றியிருக்கும், குடல் வழியாகவும் சரியாக ஏறாது. அதனால் சாப்பாடு குறைந்தவர்களுக்கும் வாந்தி இருப்பவர்களுக்கும் ஊசியாகப் போடுவார்கள். தையமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் தீர்ந்து, வெர்னிக் என்ற மூளைப் பாதிப்பு வரலாம். நடை தள்ளாடும், கண் இரட்டையாகத் தெரியும், ஆள் குழம்புவார். 'களைப்பா இருக்கு, ஒரு டிரிப் போட்டு விடுங்க' என்று எங்காவது போய்ப் படுப்பவர்கள், தாங்கள் குடிப்பதை அங்கே முதலில் சொல்லியாக வேண்டும்.

வலிப்பு, குழப்பம், இல்லாதது தெரிவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. இவற்றில் எது வந்தாலும் மறுநாள் கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

மி.லி. கணக்கு

ஃபோர்க்லிஃப்ட் பற்றி யாரும் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

மி.லி. பெருக்கல் சதவீதம் பெருக்கல் 0.789. 300 மி.லி.யில் 40 சதவீதம் 120 மி.லி. தூய ஆல்கஹால், எடையில் சுமார் 95 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம். அப்படியானால் 95 கிராம் தீர ஒன்பதரை முதல் பதின்மூன்றரை மணி நேரம். 8.30க்கு ஆரம்பித்தால் காலை 6 முதல் 10 வரை. உங்கள் ஷிஃப்ட் 7க்கு. விடுமுறை நாள் 400 மி.லி. என்றால் 126 கிராம், மறுநாள் காலை 9க்கு முன் தீர வழியே இல்லை, மதியம் தாண்டியும் இருக்கலாம்.

குளிப்பது, காபி, எலுமிச்சை, ஓடி வியர்ப்பது எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காபி குடித்தால் விழித்த போதைக்காரர் கிடைப்பார், அவ்வளவுதான். ஊதச் சொல்லும் கருவி மூச்சில் இருப்பதைத்தான் அளக்கும், 'நான் தெளிவாத்தான் இருக்கேன்' என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே சிகிச்சை எப்போது தொடங்கினாலும் சரி, ஃபோர்க்லிஃப்டை இன்றோடு விடுங்கள். முதுகு வலி என்று சொல்லியாவது ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

'ஒரு டிரிங்க்' என்ற கணக்கில் மருத்துவரிடம் பேச வேண்டாம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது 10 கிராம், பிரிட்டனில் ஒரு யூனிட் 8, அமெரிக்காவில் 14. உங்கள் 95 கிராம் ஒரு இடத்தில் பன்னிரண்டு, இன்னொரு இடத்தில் ஏழுகூட இல்லை. மி.லி.யும் சதவீதமும் சொன்னால் குழப்பம் வராது.

சும்மா ஒரு யோசனை

இவ்ளோ பெருசா எதுக்கு? குடிச்சா வாந்தி வர்ற மாத்திரை இருக்கே. வீட்ல இருக்கவங்ககிட்ட சொல்லி சாப்பாட்டுல பொடி பண்ணிக் கலந்து குடுக்கச் சொல்லுங்க. ஒரே வாரத்துல பாட்டிலைப் பார்த்தாலே ஓடுவாரு.

மருந்துச்சீட்டு

மேலே உள்ள யோசனையை யாரும் செய்துவிட வேண்டாம். அது டைசல்ஃபிரம். ஆல்கஹால் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். அதை அப்புறப்படுத்தும் நொதியை இந்த மருந்து அடைத்துவிடும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று போகும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். உள்ளே மருந்து இருப்பது தெரியாதவர் வழக்கம்போல 300 மி.லி. குடிப்பார். ஒருவருக்குத் தெரியாமல் கொடுப்பது சிகிச்சையே இல்லை. நாளைக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டையே நம்ப மாட்டார்.

தெரிந்து, விரும்பி எடுப்பவருக்கு அது நல்ல மருந்துதான். கடைசிக் குடியிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டும். வழக்கமான அளவு தினம் 250 மி.கி. நிறுத்திய பிறகும் 14 நாள் வரை எதிர்வினை வரலாம். இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் திரவம் இவற்றிலுள்ள ஆல்கஹாலும் போதும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்துடன் சேரக் கூடாது, புத்தி தடுமாறும். ஈரலை அவ்வப்போது சோதிக்க வேண்டும். இன்னொருவர் கண்ணெதிரே தினமும் விழுங்கினால்தான் இது வேலை செய்யும். இல்லாவிட்டால் குடிக்க நினைத்த வாரம் மாத்திரை தானாக மறந்துபோகும்.

மூன்றாம் அடுக்கு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வார்டு எட்டு சொன்ன மாத்திரைகள் முதல் வாரத்தைக் கடக்கத்தான். அவை முடிந்த பிறகும் ஆசை இருக்கும். அதற்கு வேறு மருந்து உண்டு, அதைச் சொல்லாமலே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும் இடங்கள் நிறைய. நீங்களே கேளுங்கள்.

நால்ட்ரெக்சோன், தினம் 50 மி.கி. குடித்தால் வரும் அந்தச் சுகத்தின் ஒரு பகுதியை மழுங்கடிக்கும். முழுக்க நிறுத்தும் முன்பே தொடங்கலாம் என்பது இதன் வசதி. முதல் வாரம் குமட்டும், அதனால் சாப்பாட்டுக்குப் பின், முதல் சில நாள் பாதி மாத்திரை என்று ஆரம்பிப்பார்கள். டிராமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவருக்கு ஆகாது. ஏழு முதல் பத்து நாள் இடைவெளி தேவை. விபத்து நடந்து மார்ஃபின் போட்டால் வேலை செய்யாது என்பதால், இந்த மருந்து எடுக்கிறேன் என்று ஒரு சீட்டு பர்ஸில் இருக்கட்டும்.

அகாம்ப்ரோசேட், 333 மி.கி. மாத்திரை இரண்டு இரண்டாக மூன்று வேளை. நிறுத்தி முடித்தவருக்கே இது பொருந்தும். குலுங்கிப்போன குளூட்டமேட் பக்கத்தை அமைதிப்படுத்துவதாகக் கருதப்படுகிறது. ஈரலைத் தொடாது, சிறுநீரகம் வழியாக வெளியேறும். ஆகவே முதலில் கிரியாட்டினின் என்ற சிறுநீரகச் சோதனை பார்ப்பார்கள். வயிற்றுப்போக்கு வரலாம். தொல்லை என்னவென்றால் மதிய வேளை. வேலையிடத்தில் மாத்திரை எடுப்பதற்குக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். மேலே பூச்சு இருப்பதால் உடைத்து விழுங்கக் கூடாது. இரண்டு மாத்திரையைப் பழைய வைட்டமின் டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஈரல் சுருங்கியவர்களுக்கு பாக்லோஃபென் சில இடங்களில் கொடுக்கிறார்கள். அது தூக்கம் தரும், யந்திரத்துக்கு ஆகாது. எதுவானாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்: மூன்று நாலு வாரம் மோசமாகத்தான் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். இத்தனை வருடம் ஆல்கஹால் நசுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் ஒரேயடியாகத் திரும்பி வரும். குடிப்பது போலவே கனவு வரும், விழித்ததும் நாக்கில் ருசி தேடுவீர்கள். பயப்பட வேண்டாம். தூக்கத்துக்கென்று சோல்பிடெம், அல்பிரசோலம் மாத்திரைகளைக் கேட்டு வாங்க வேண்டாம், அவை ஆல்கஹால் திறந்த அதே பூட்டுக்கு இன்னொரு சாவி. மதியத்துக்குப் பின் காபி டீ வேண்டாம். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். தலைவலிக்கு பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம்.

படிவமும் முத்திரையும்

ஆபீஸ் விஷயம். மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்: லீவு, நோயின் பெயர், வேலைக்குத் தகுதி.

லீவுக்கு வேண்டியது மெடிக்கல் சர்டிபிகேட். 'மருத்துவச் சிகிச்சையில் உள்ளார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவை' என்று இருந்தால் பெரும்பாலும் போதும். நோயின் பெயர் தேவையில்லை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், எழுதிய பிறகு திருத்தச் சொன்னால் சந்தேகம்தான் வரும். சில இடங்களில் காப்பீட்டுக்குப் போகும் தாளில் நோய்க்குறி இருக்கும். அந்தத் தாள் மேலாளர் மேசை வழியாகப் போகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

சொல்லலாமா வேண்டாமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. கம்பெனியின் ஆல்கஹால் விதியை எடுத்துப் படியுங்கள். பல விதிகளில் தானாக முன்வந்து உதவி கேட்பவருக்கு ஒரு வழி, சோதனையில் மாட்டியவருக்கு வேறு வழி என்று பிரித்திருப்பார்கள். அந்த முதல் கதவு திறந்திருப்பது சம்பவம் நடக்கும்வரைதான். ஊதிக் காட்டிவிட்டு 'நானே சொல்லலாம்னு இருந்தேன்' என்றால் எடுபடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறை நெறியும் குடிப் பிரச்சினையை மற்ற நோய்களைப் போல நோயாகவே நடத்தச் சொல்கிறது. ஆனால் அது சட்டம் அல்ல, உங்கள் கம்பெனி விதியே முதலில்.

யாரிடம் என்பதும் முக்கியம். வேலையிட மருத்துவரோ, பணியாளர் ஆலோசனைச் சேவையோ இருந்தால் அங்கே. அவர்களுக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு. உடன் வேலை பார்ப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் அவருக்கு அந்தக் கடமை இல்லை.

ஃபோர்க்லிஃப்ட் மட்டும் வேறு. நோயின் பெயரை மறைக்கலாம், தகுதியை மறைக்கக் கூடாது. குளோர்டயசிபாக்சைடு உடம்பில் உடைந்து உண்டாகும் பொருட்கள் கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் தங்கும், கை சற்றுத் தாமதமாகத்தான் கேட்கும். 'தூக்கம் வரவழைக்கும் மருந்தில் இருக்கிறார், இந்தத் தேதி வரை யந்திரம் இயக்க வேண்டாம்' என்று தனித்தாளில் வாங்கிக் கொடுங்கள். முதுகு வலி என்று பொய் சொல்லச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் அது ஒரு தாளில் பதிவாகி, இந்தச் சர்டிபிகேட்டோடு முட்டும். 'ரத்த அழுத்தம் சீராக இல்லை, மருத்துவரைப் பார்க்கும்வரை வேண்டாம்' என்பது உங்கள் விஷயத்தில் பொய்யாக இருக்க வாய்ப்பில்லை.

எட்டரை மணி

எல்லாரும் முதல் வாரத்தையே பேசறாங்க. வேலைக்குத் திரும்பின பிறகு மறுபடி குடியில விழுறது ரெண்டாவது, மூணாவது வாரத்துலதான். உடம்பு தேறியிருக்கும், முகம் தெளிஞ்சிருக்கும், 'நமக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணே ஒண்ணு' னு தோணும். அந்த நேரத்துக்குத்தான் ஏற்பாடு வேணும்.

உங்க உடம்புக்கு 8.30 னு அலாரம் வெச்சாச்சு. ஆசை ஒரு அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் 15 முதல் 30 நிமிஷத்துல இறங்கிடும். அதோட மல்லுக்கு நிக்காதீங்க, அந்த அரை மணியை வேற எதாலயாவது நிரப்புங்க. முக்கியமானது: ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கே முடிச்சிடுங்க. வயிறு நிறைஞ்சவனுக்கு ஆசை பாதி. குடிக்கிறவங்க சாப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளியே பழகினவங்க, அந்த வரிசையை மாத்தினாலே பழைய சடங்கு உடையும். இனிப்பு தேடும், முதல் ரெண்டு மாசம் கணக்குப் பார்க்காதீங்க.

ஆசை வந்ததும் நாலு கேள்வி: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? பாதி நேரம் இதுல ஒண்ணுதான் வேஷம் போட்டு வந்திருக்கும்.

வீட்டுல பாட்டில் இருக்கக் கூடாது. விருந்தாளிக்குன்னு கூட. அளவுக் குவளையையும் தூக்கிப் போடுங்க. கடை இருக்கிற வழியை மாத்துங்க. சம்பள நாள் ராத்திரிக்கு முன்னாடியே வேற வேலை வெச்சுக்கோங்க.

ஆபீஸ் விருந்துல நீளமா விளக்கம் சொல்லாதீங்க. 'மருந்துல இருக்கேன், வேண்டாம்' போதும். விளக்கம் கூடக் கூட எதிராளிக்குப் பேச இடம் கிடைக்கும். போனதுமே கையில ஒரு கிளாஸ் சோடாவோ ஜூஸோ எடுத்துக்கோங்க, கை காலியா இருக்கிறவனைத்தான் எல்லாரும் கவனிப்பாங்க. எப்படி வீட்டுக்குத் திரும்பறதுன்னு போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசற கூட்டங்கள் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935ல ஆரம்பிச்சது, கட்டணம் கிடையாது, பேர் கேக்க மாட்டாங்க, ஆன்லைன்லயும் நடக்குது. கடவுள் பேச்சு ஒத்துக்காதுன்னா ஸ்மார்ட் ரிகவரி மாதிரி வேற வழியும் இருக்கு. 8.30க்கு நடக்கிற ஆன்லைன் கூட்டமாப் பார்த்துச் சேருங்க. எந்தத் தத்துவம்ங்கிறது அப்புறம், முதல்ல அந்த நேரம் நிரம்பட்டும்.

ஒரு நாள் தவறிட்டா? அன்னிக்கே யாருக்காவது சொல்லுங்க. மறுநாள் கிளினிக். 'போச்சு, இனி எல்லாம் போச்சு' ங்கிற எண்ணம்தான் ஒரு கிளாஸை ஒரு மாசமாக்குது. இன்னொண்ணு, ஒரு மாசம் விட்டவங்களுக்கு உடம்போட தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய 300ஐ ஒரே மூச்சுல எடுத்தா ஆபத்து.

மூன்றாம் அடுக்கு

எல்லாருக்கும் நன்றி. மாத்திரை அட்டையைப் பார்த்தேன், அடினோலால்தான். மனநல மருத்துவர் அடுத்த புதன்தான் நேரம் கொடுத்திருக்கிறார், இன்னும் ஆறு நாள். அதுவரை நானே தினமும் 30 மி.லி. குறைத்துக்கொண்டு வரலாமா? பத்து நாளில் பூஜ்யம் வந்துவிடும் என்று ஒரு கணக்கு.

மி.லி. கணக்கு

கணக்கு சரிதான். படிப்படியாகக் குறைப்பது என்ற வழியே உண்டு. நாளுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறக்காமல், நடுக்கமோ வியர்வையோ கூடினால் அதே அளவில் இரண்டு நாள் நின்று, பிறகு இறங்குவது. பாட்டில் வேறொருவர் கையில் இருந்தால் நடக்கும்.

வார்டு எட்டு

தாளில் நடக்கும். இரண்டாவது குவளைக்குப் பிறகு கணக்குப் போடும் ஆளே மாறிவிடுகிறார், அங்கேதான் உடையும். அதோடு அடினோலால் இருப்பதால் 'நடுக்கம் கூடினால் நிற்பேன்' என்ற அளவுகோலை உங்கள் விஷயத்தில் நம்ப முடியாது. அதனால் ஆறு நாளுக்குள் குறைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அடினோலாலையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், அதைத் திடீரென விட்டால் அழுத்தம் எகிறும்.

புதன்வரை செய்ய வேண்டியது: அதே அளவு, அதே நேரம், விடுமுறை நாளிலும் 300க்கு மேல் வேண்டாம். மூன்று வேளை சாப்பாடு. ஃபோர்க்லிஃப்ட் கிடையாது, காலையில் சொந்த வண்டியும் கிடையாது. தையமின் 100 மி.கி. மாத்திரை இன்றே தொடங்கலாம்.

புதனன்று வீட்டில் உடன் இருக்கப் போகிறவரையும் கூட்டிப் போங்கள். ஒரு தாளில் நாளுக்கு எத்தனை மி.லி., எத்தனை சதவீதம், கடைசியாகக் குடித்த நேரம், போன வருடம் இரண்டாம் நாள் என்னென்ன நடந்தது, அடினோலால் எத்தனை மி.கி., வேறு என்ன மாத்திரை. எல்எஃப்டி என்ற ஈரல் சோதனை, ஜிஜிடி என்ற ஈரல் நொதி, ரத்த அணுக்கள், கிரியாட்டினின், பொட்டாசியம், மக்னீசியம் பார்ப்பார்கள். ஜிஜிடி எகிறியிருந்தால் கலங்க வேண்டாம், நிறுத்தினால் வாரங்களில் இறங்கும், பிறகு அதுவே உங்கள் அளவுகோல். அன்று காலை குடிக்காமல் போக முடிந்தால் நல்லது. நடுக்கம் தாங்காமல் குடித்துவிட்டாலும் நேரத்தை ரத்து செய்யாதீர்கள். எத்தனை மணிக்கு எத்தனை மி.லி. என்று அந்தத் தாளின் அடியில் எழுதிக்கொண்டு போங்கள்.